டொராண்டோவில் முதல் வாடகை வீடு: புதிதாக வருபவர்களுக்கு

கனடாவுக்குக் குடிபெயர்ந்து டொராண்டோ பக்கம் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, விமானம், குளிர் உடை பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வீடு தேடுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் “கிடைத்துவிடும், கவலைப்படாதே” என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளூர் வேலை அனுபவம் இல்லை, கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) இல்லை, முந்தைய வீட்டுக்காரர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை என்ற நிலையில் நானும் என் மனைவியும் குழந்தையை வைத்துக்கொண்டு பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். எந்தக் காகிதம் எப்போது தேவைப்படும், எந்தப் பணத்தை யாரிடம் எப்போது கொடுப்பது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் ஒன்டாரியோ மாகாணத்துக்கு மட்டும் உரியவை. வாடகைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேதத்துக்கென்று அரை மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். கியூபெக்கில் முன்பணம் கேட்பதே தவறு. எனவே வான்கூவரில் இருக்கும் மைத்துனர் சொல்வதை டொராண்டோவில் செய்ய வேண்டாம்.

1. ஊரில் இருந்தபடியே வீட்டை முடிக்காதீர்கள்

முதல் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குத் தற்காலிகத் தங்கல் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். உறவினர் வீடு, மாத வாடகை அறை, ஏர்பிஎன்பி எதுவானாலும் சரி. ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையாக இருப்பது நல்லது. செலவாகிறதே என்று மனம் கணக்குப் போடும். போடட்டும். பார்க்காத வீட்டுக்கு அனுப்பிய முன்பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை.

புதிதாக வருகிறவர்களைக் குறிவைக்கும் மோசடி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுதான். நகரின் மையத்தில் அழகான கண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு), சந்தை நிலவரத்தைவிட நானூறு ஐந்நூறு டாலர் குறைவு. உரிமையாளர் வேலை நிமித்தமாக வெளிநாட்டில் இருக்கிறார். மரியாதையாக, நீளமாக மின்னஞ்சல் எழுதுகிறார். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்புகிறார். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் அனுப்பிவிட்டால் சாவி கூரியரில் வரும் என்கிறார். எங்களுக்கும் இப்படி ஒன்று வந்தது. அதே படங்கள் வேறொரு விளம்பரத்தில் விற்பனைக்கு என்று இருந்ததைக் கண்டதும் பேச்சை நிறுத்தினோம். படங்களைக் கூகுளில் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கனடிய வங்கிக் கணக்கிலிருந்து இணையவழியே பணம் அனுப்பும் இன்டராக் இ-டிரான்ஸ்பரில் அனுப்பிய பணம் பெறுபவர் கைக்குப் போய்விட்டால் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காத காரியம்.

நீங்களோ, நீங்கள் நம்பும் ஒருவரோ வீட்டுக்குள் காலடி வைக்கும் முன் ஒரு டாலரும் கைமாறக் கூடாது.

2. காகிதக் கட்டு

வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நல்ல வீடு ஒன்று மாலையில் பார்க்கக் கிடைக்கும். அன்றிரவே நான்கு பேர் விண்ணப்பித்திருப்பார்கள். “நாளை மறுநாள் அனுப்புகிறேன்” என்பவருக்கு அங்கே இடமில்லை. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, கைப்பேசியில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் முதல் பக்கம், நிரந்தரக் குடியுரிமை உறுதிச் சான்று அல்லது வேலை அனுமதி, வேலை கிடைத்திருந்தால் சம்பளம், பதவி, சேர்ந்த தேதி மூன்றும் உள்ள கடிதம், சம்பளச் சீட்டு வந்திருந்தால் அது, வங்கியில் இருக்கும் பணத்துக்கான அறிக்கை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டம் வழியாக வந்தவர்கள் குடியேற்றத் துறைக்குக் காட்டிய பணச் சான்றை இங்கேயும் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பணம் கனடிய வங்கிக் கணக்கில் இருந்தால் வீட்டுக்காரரின் முகம் சற்று மலர்கிறது. ஆகவே வந்த முதல் வாரத்திலேயே கணக்கைத் திறந்து பணத்தை மாற்றுங்கள். பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் புதியவர்களுக்கான கணக்குத் திட்டம் இருக்கிறது. அதனோடு ஒரு கிரெடிட் கார்டும் கேட்டு வாங்குங்கள். இன்று தொடங்கினால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும்போது காட்ட ஒரு ஸ்கோர் இருக்கும்.

ஊரில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரிடம் ஆங்கிலத்தில் நான்கு வரிக் கடிதம் ஒன்று வாங்கி வாருங்கள். எத்தனை ஆண்டு இருந்தார்கள், வாடகை ஒழுங்காக வந்ததா, வீட்டை நல்ல நிலையில் ஒப்படைத்தார்களா, தொடர்பு எண் என்ன என்று இருந்தால் போதும். இதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தார்.

கூடவே உங்களைப் பற்றி ஒரு பக்கம். யார், எத்தனை பேர், என்ன வேலை, எப்போது குடிவர வேண்டும், புகைப்பழக்கம் உண்டா, நாய் பூனை உண்டா. உருக்கமாக எழுத வேண்டியதில்லை.

சின் எனப்படும் சமூகக் காப்பு எண்ணை மட்டும் அந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இருந்தாலும் வெறுமையாக விடலாம். அந்த எண் இல்லாமலேயே பெயர், பிறந்த தேதி, முகவரியைக் கொண்டு கிரெடிட் விசாரணை செய்ய முடியும். அது தவறான கையில் சிக்கினால் உங்கள் பெயரில் கடன் வாங்குவார்கள்.

3. பணக் கணக்கு

நாங்கள் தேடியபோது டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இரண்டு படுக்கையறை பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) வீடுகள் 1,700 முதல் 2,200 டாலர் வரை சொன்னார்கள். ஓர் அறை மட்டும் என்றால் 700 முதல் 1,000. ஒரு படுக்கையறைக் கண்டோவுக்கு 2,000 டாலருக்குமேல் கொடுக்க வேண்டியிருந்தது. அருகிலுள்ள ஏஜாக்ஸ், பிராம்ப்டன் நகரங்களின் பக்கம் கொஞ்சம் இடம் அதிகமாகக் கிடைக்கும். ஆனால் கார் இல்லாமல் அங்கே காலம் தள்ளுவது சிரமம், காரை வாங்கினால் அதற்கான காப்பீடு வாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

விளம்பரத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். “பிளஸ் யூட்டிலிட்டீஸ்” என்று இருந்தால் அந்த யூட்டிலிட்டீஸ் எவை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: மின்சாரம், எரிவாயு, தண்ணீர், சூடுநீர்த் தொட்டியின் மாத வாடகை. இங்கே ஹைட்ரோ என்றால் மின் கட்டணம். தண்ணீர்க் கட்டணம் என்று நினைத்துத் தலையாட்டிவிட வேண்டாம். பேஸ்மென்ட் வீடுகளில் வழக்கமாக “மொத்தக் கட்டணத்தில் 30 அல்லது 40 சதவீதம் உங்களுடையது” என்பார்கள். அப்படியென்றால் சென்ற ஜனவரி மாதக் கட்டணச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஜூலை மாதச் சீட்டைக் காட்டினால் அது வெறும் கண்துடைப்பு. வெப்பமூட்டும் செலவு முழுவதும் குளிர்காலத்தில்தான் வருகிறது.

இன்டர்நெட், கார் நிறுத்துமிடம், துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய மூன்றும் வாடகையில் சேர்ந்தவையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டொராண்டோவில் அறிவிப்புப் பலகை இல்லாத தெருக்களிலும் மூன்று மணி நேரத்துக்குமேல் காரை நிறுத்தக் கூடாது. “தெருவில் விட்டுக்கொள்ளலாம்” என்ற வாக்குறுதி அபராதச் சீட்டாகத் திரும்பி வரும்.

2,000 டாலர் வீடு என்று வைத்துக்கொண்டால் நுழையும் நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: முதல் மாத வாடகை 2,000, கடைசி மாத வாடகை 2,000, குடியிருப்பவர் காப்பீடு மாதம் 25 முதல் 40 டாலர், மெத்தை, பாத்திரம், திரைச்சீலை என்று ஓர் ஆயிரம். வாடகை வீடு பெரும்பாலும் வெறும் சுவராகத்தான் கிடைக்கும்; அடுப்பும் குளிர்பெட்டியும் மட்டும் இருக்கும். மூன்று மாத வாடகைக்குச் சமமான தொகை கனடியக் கணக்கில் இருந்தால் நிம்மதி. இன்டராக் வழியாக ஒரு நாளில் அனுப்பும் தொகைக்குப் பெரும்பாலும் 3,000 டாலர் என்பதுபோல் வரம்பு இருக்கும். பெரிய தொகைக்கு வங்கி டிராப்ட் எடுக்க வேண்டும், கட்டணம் சுமார் 10 டாலர். சனிக்கிழமை மாலை வீடு முடிவாகி, திங்கட்கிழமை விடுமுறையாக இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள்.

4. எப்போது, எங்கே தேடுவது

இங்கே குடியிருப்பவர் காலி செய்ய 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வாடகைக் காலம் பெரும்பாலும் முதல் தேதியில் தொடங்கும். ஆகவே செப்டம்பர் 1 வீடுகளுக்கான விளம்பரங்கள் ஜூலை முதல் வாரத்திலிருந்து வரத் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் வற்றிவிடும். மாதக் கடைசியில் தேடினால் மிஞ்சியவைதான் கண்ணில் படும். மே முதல் செப்டம்பர் வரை போட்டி கடுமை. டிசம்பர், ஜனவரியில் பனியில் நடந்து வீடு பார்ப்பது கொடுமை என்றாலும், வாடகையில் நூறு இருநூறு குறைத்துக் கேட்க அதுதான் காலம்.

ரியல்டர்.சிஏ, ரென்டல்ஸ்.சிஏ, கிஜிஜி, பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் நான்கையும் பாருங்கள். ரியல்டர் தளத்தில் வருபவை முகவர் மூலம் வருபவை. மோசடி குறைவு, காகிதக் கெடுபிடி அதிகம். கிஜிஜியிலும் பேஸ்புக்கிலும் நேரடி வீட்டுக்காரர்கள் கிடைப்பார்கள், ஏமாற்றுக்காரர்களும் அங்கேதான் உலவுகிறார்கள். ஐந்தாவதாக, ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதித் தமிழ்க் கடைகளின் அறிவிப்புப் பலகைகள். கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும்போது வாசலருகே நின்று படியுங்கள்: கையால் எழுதிய “இரண்டு அறை பேஸ்மென்ட், தனி வாசல், பஸ் நிறுத்தம் அருகில்” என்ற தாள், அடியில் சிறு சிறு நாக்குகளாக வெட்டிய தொலைபேசி எண்கள், பாதி கிழித்துப் போயிருக்கும். இணையத்தில் ஒருபோதும் ஏறாத வீடுகள் இவை. வீட்டுக்காரர் பெரும்பாலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். புதிதாக வந்தவனின் நிலைமை அவருக்குச் சொல்லாமலே தெரியும். கிரெடிட் ஸ்கோர் கேட்காமல் எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தவர்கள் இந்தப் பலகை வழியாகக் கிடைத்தவர்கள்தான். எழுத்து ஒப்பந்தம் வேண்டாம் என்றவர்களும் இவர்களில் சிலரே. அதைப் பிறகு சொல்கிறேன்.

முகவரை வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். அவருடைய கட்டணத்தை வழக்கமாக வீட்டுக்காரர் தரப்பே கொடுக்கும். வாடகைக்கு வருபவரிடம் தனியாகப் பணம் கேட்கும் முகவர் என்றால், அவர் பெயர் ஒன்டாரியோ ரியல் எஸ்டேட் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள்.

போக்குவரத்தை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஸ்கார்பரோவின் மூன்றாம் எண் ரயில் பாதை 2023 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது; அங்கிருந்து கென்னடி சுரங்க ரயில் நிலையத்துக்குப் பஸ்தான். காலை எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து உங்கள் வேலையிடத்துக்கு எவ்வளவு நேரம் என்று கூகுள் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பத்து நிமிட நடை என்பது மே மாதத்தில் உலா; பிப்ரவரியில் குழந்தையோடு அது வேறு கதை.

5. வீடு பார்க்கும்போது

பலருக்கும் முதல் வீடு பேஸ்மென்டாகத்தான் அமையும் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஊதுபத்தியோ வாசனை மெழுகுவர்த்தியோ தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஈர வாடை, சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்த வெள்ளைப் படிவு, அலமாரிக்குப் பின்னே கருப்புப் புள்ளிகள் இவை நீர்க்கசிவின் அடையாளங்கள். தரைவிரிப்பின் மூலையைக் காலால் அழுத்திப் பாருங்கள். குளியலறையில் சூடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சமையலறையிலும் திறக்கச் சொல்லி, நீரின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். மேல் வீட்டில் யார் நடந்தாலும் கேட்கும். எவ்வளவு கேட்கிறது என்பதுதான் கேள்வி. மாலை நேரத்தில் போனால் தெரிந்துவிடும்.

அடுத்து ஜன்னல். படுக்கையறை ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஒரு ஆள் அதன் வழியாக வெளியேற முடியாது, வாசலும் ஒன்றுதான் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் உரிய இடங்களில் வைப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அவற்றின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நகராட்சி அனுமதி பெற்று, தீயணைப்பு விதிகளுக்கு உட்பட்ட இரண்டாம் குடியிருப்பா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தாலே பதில் கிடைத்துவிட்டது.

வெப்பமானி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? பழைய வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் உலை ஒன்று, வெப்பமானியும் ஒன்று, அது மேல் மாடியில் இருக்கும். மேலே இருப்பவர் சிக்கனக்காரராக இருந்தால் கீழே இருப்பவர் ஸ்வெட்டரோடு தூங்க வேண்டும். மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டில் குறைந்தது 20 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

சமையல் வாடை பற்றி வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். மீன் குழம்பும் தாளிப்பும் உண்டு என்று சொல்லிவிட்டால், ஒத்துவராதவர் அப்போதே விலகிக்கொள்வார். அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றுப்போக்கி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். பல பேஸ்மென்ட்களில் இரண்டாவதுதான்.

இன்னொன்று முக்கியம். வீட்டுக்காரரோடோ அவருடைய குடும்பத்தாரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால், ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களைக் காக்காது. வாடகை உயர்வு, வெளியேற்றம் என்று கீழே சொல்லும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. முதல் இரண்டு மாதத்துக்குப் பரவாயில்லை. குடும்பத்தோடு நிலைத்து இருக்க அது சரிப்படாது.

6. கிரெடிட் இல்லை என்ற சுவர்

“ஈக்விஃபேக்ஸ் அறிக்கை அனுப்புங்கள்” என்று முகவர் கேட்பார்; கிரெடிட் ஸ்கோரைக் கணக்கிடும் நிறுவனத்தின் அறிக்கை அது. நாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றால், சரி என்பார்; அதன்பிறகு பேச்சு மூச்சு இருக்காது. மனம் நொந்துபோகும். ஒன்டாரியோ மனித உரிமை விதிகளின்படி கிரெடிட் வரலாறோ வாடகை வரலாறோ இல்லை என்பதையே குறையாகக் கொண்டு மறுக்கக் கூடாது. வருமானத்தில் வாடகை இத்தனை சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்ற கணக்கை மட்டும் வைத்தும் ஒதுக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவும் கூடாது. ஆனால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லும் முட்டாள் யாரும் இல்லை என்பதால், சட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட வேறு நம்பிக்கைகளைக் கையில் எடுப்பதே அந்த நேரத்தில் பலன் தரும்.

பலன் தருபவை இவை. இங்கே நிலையான வேலையில் இருக்கும் உறவினரோ நண்பரோ பொறுப்பாளியாகக் கையெழுத்திடுவது. நீங்கள் வாடகை கொடுக்காவிட்டால் அவர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அவருக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள், பிறகு உறவு கசக்கக் கூடாது. வேலைக் கடிதத்தில் இருக்கும் மனிதவள அலுவலரின் தொலைபேசி எண் வேலை செய்வது. வங்கி இருப்பு. முகவர் வழியாகப் போகும் கண்டோவைவிட, உரிமையாளர் மேலே குடியிருக்கும் வீட்டை முதலில் முயல்வது.

ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுக்கிறேன் என்று சிலர் தாங்களாகவே முன்வருகிறார்கள். வீட்டுக்காரர் அதைக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. நீங்களாக முன்வருவதும் எனக்கு உவப்பில்லை: வீட்டில் பிரச்சினை வந்தால் உங்கள் பணம் முழுவதும் எதிராளியின் பையில் இருக்கும், வேலை கிடைக்கத் தாமதமானால் சோற்றுக்கு வைத்திருந்த பணமும் அதில் இருக்கும். வேறு எந்த வழியும் இல்லாதபோது, உரிமையாளர் யார் என்று உறுதி செய்துகொண்ட பிறகு, எழுத்து ரசீதோடு மட்டும்.

7. முன்பணம்: எது முறை, எது முறையில்லை

சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய கைக்கு இங்கே எதைக் கேட்டாலும் குறைவாகத்தான் தோன்றும். அந்தப் பழக்கத்தைத்தான் சிலர் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் கேட்கக்கூடிய முன்பணம் ஒரே ஒரு மாத வாடகை. அதுவும் நீங்கள் காலி செய்யும் கடைசி மாதத்துக்கான வாடகையாகவே கழிக்கப்பட வேண்டும். சுவரில் கீறல், தரையில் கறை என்று சொல்லி அதில் பிடித்துக்கொள்ள முடியாது. அந்தத் தொகைக்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு, மாகாணம் அறிவிக்கும் வாடகை உயர்வு விகிதத்தில். சாவிக்கென்று ஒரு தொகை வாங்கலாம், ஆனால் சாவி செய்யும் செலவை மிஞ்சக் கூடாது, சாவியைத் திருப்பித் தரும்போது அதுவும் திரும்ப வேண்டும். சேதத்துக்கான முன்பணம், துப்புரவு முன்பணம், செல்லப் பிராணிக்கான முன்பணம், விண்ணப்பக் கட்டணம் எதுவும் செல்லாது. பன்னிரண்டு பின்தேதிக் காசோலைகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது; உங்களுக்கு வசதி என்றால் கொடுக்கலாம்.

முகவர் வழியாக என்றால் விண்ணப்பம் ஏற்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் வங்கி டிராப்ட் கேட்பார்கள். அது வீட்டை விளம்பரம் செய்த முகவர் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனிமனிதர் பெயரில் அல்ல. நேரடி வீட்டுக்காரர் என்றால், அவர்தான் உரிமையாளரா என்று பாருங்கள். சொத்து வரிச் சீட்டையும் அடையாள அட்டையையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். மாகாணத்தின் ஒன்லேண்ட் நிலப் பதிவு இணையதளத்தில் கட்டணம் செலுத்தி உரிமையாளர் பெயரைத் தேடவும் முடியும். நோட்டாகக் கொடுத்தால் தேதி, முகவரி, எந்த மாதத்துக்கு, யார் கையொப்பம் என்ற நான்கும் உள்ள ரசீது இல்லாமல் எழுந்திருக்காதீர்கள்.

8. ஒப்பந்தம்

“நம்மவர்தானே, ஒப்பந்தம் எதற்கு?” என்பார் தேநீர் கொடுத்த அந்த நல்லவர். சிரித்துக்கொண்டே கேட்டு வாங்குங்கள். 2018 ஏப்ரல் 30 முதல் ஒன்டாரியோவில் பெரும்பாலான வீடுகளுக்கு அரசின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவம் கட்டாயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்களே அச்சிட்டுக்கொண்டு போகலாம். எழுத்து மூலம் கேட்டும் 21 நாளில் தரவில்லை என்றால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. “பள்ளிக்கூடத்தில் முகவரிச் சான்று கேட்கிறார்கள்” என்றாலே வேலை முடியும். அது உண்மையும்கூட.

படிவத்தின் கடைசியில் வீட்டுக்காரர் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகளைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். விருந்தினர் வரக் கூடாது, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கினால் கூடுதல் வாடகை, செல்லப் பிராணிகள் கூடாது என்பன சட்டத்தின் முன் நிற்பதில்லை. கண்டோக்களில் மட்டும் கட்டடத்தின் சொந்த விதிகள் செல்லப் பிராணிகளைத் தடுக்கலாம். பனி அள்ளுவது யார், புல் வெட்டுவது யார், குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது யார் என்பவை சிறு விஷயங்களாகத் தோன்றும். முதல் பனிப்புயலில் வாசல் படியில் நின்று பேசும்போது அவை சிறியவையாக இருக்காது. எழுதிவிடுங்கள்.

என்-9, என்-11 என்ற படிவங்களை ஒப்பந்தத்தோடு நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். முதலாவது நீங்கள் காலி செய்வதாகக் கொடுக்கும் அறிவிப்பு. இரண்டாவது இருவரும் ஒத்துக்கொண்டு குடியிருப்பை முடிப்பது. வீட்டைக் கொடுப்பதற்கு நிபந்தனையாக இவற்றில் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்க வாடகைத் தகராறுகளுக்கான நடுவர் மன்றத்தின் விசாரணை வரை போக வேண்டியிருக்கும், அங்கே வரிசை நீளம்.

கட்டடம் எப்போது முதன்முதலாகக் குடியேற்றப்பட்டது என்றும் கேட்டுவிடுங்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருக்கத் தொடங்கிய வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. பளபளக்கும் புதிய கண்டோவில் ஓராண்டு கழித்து முந்நூறு டாலர் உயர்த்தினாலும் கேள்வி கேட்க முடியாது. பழைய வீட்டில் அந்த வரம்பு 2025க்கு 2.5 சதவீதம், 2026க்கு 2.1 சதவீதம். இரண்டிலுமே 12 மாதத்துக்கு ஒரு முறைதான் உயர்த்தலாம், 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

9. சாவி வாங்கும் நாள்

பெட்டிகளை இறக்கும் முன் வெறும் வீட்டைக் காணொளி எடுங்கள். ஒவ்வொரு சுவர், அடுப்பின் உள்பக்கம், குளிர்பெட்டியின் ரப்பர் விளிம்பு, குளியல் தொட்டி, ஜன்னல் கொக்கிகள். அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி கிடைத்துவிடும். காப்பீடு அன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் நகல்கள் இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு அந்த வாரமே சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகம் போய் ஓஹிப் மருத்துவ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு இப்போது இல்லை. முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தை ஏற்கிறார்கள். குழந்தையின் பள்ளியும் முகவரியைப் பொறுத்தே அமையும். எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று பள்ளி வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வீடு முடிக்கும் முன்பே பார்ப்பது நல்லது, தெருவின் மறுபக்கம் வேறு பள்ளியாக இருக்கும்.

10. குடியேறிய பிறகு

வாடகை ரசீதை இலவசமாகத் தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. சிலர் வருமானத்தைக் கணக்கில் காட்டாததால் ரசீது என்றதும் முகம் சுளிப்பார்கள். உங்களுக்கு அது தேவை: வருமான வரி தாக்கல் செய்யும்போது, கொடுத்த வாடகையைக் காட்டினால் ஒன்டாரியோ ட்ரில்லியம் உதவித்தொகைக்குத் தகுதி கிடைக்கலாம். நோட்டாகக் கொடுக்காமல் இ-டிரான்ஸ்பராக, குறிப்பில் மாதத்தின் பெயரோடு அனுப்பினால் கணக்கே பாதி சாட்சி.

பழுது எதுவானாலும் தொலைபேசியில் சொன்ன பிறகு ஒரு வரி எழுதியும் அனுப்புங்கள். வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால், அவசரம் தவிர, 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லி, காலை 8 முதல் இரவு 8க்குள் வர வேண்டும்.

“என் மகள் கல்யாணம் முடிந்து இங்கே குடிவரப் போகிறாள், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள்” என்று வாய்மொழியாகச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டாம். அதற்கென்று படிவம் உண்டு, கால அவகாசம் உண்டு. வெளியேற்ற உத்தரவு போடும் அதிகாரம் வீட்டுக்காரர், குடியிருப்பவர் விவகாரங்களுக்கான நடுவர் மன்றத்துக்கு மட்டுமே. பூட்டை மாற்றுவது சட்டவிரோதம். இப்படி ஏதேனும் வந்தால் 211 என்ற எண்ணை அழையுங்கள்; பல மொழிகளில் பேசுவார்கள், உங்கள் பகுதியின் இலவசச் சட்ட உதவி மையத்தைக் காட்டுவார்கள். ஸ்டெப்ஸ் டு ஜஸ்டிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு படிவத்துக்கும் எளிய விளக்கம் இருக்கிறது.

ஓராண்டு முடிந்ததும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று சொல்வார்கள். தேவையில்லை, பழைய ஒப்பந்தமே மாதாமாதம் தொடரும். நீங்கள் வேறு வீடு பார்த்துவிட்டால் என்-9 படிவத்தை 60 நாள் முன்பே கொடுக்க வேண்டும், அந்த 60 நாள் முடியும் தேதி வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். அக்டோபர் 31 அன்று காலி செய்ய நினைத்தால் செப்டம்பர் 1க்குள் படிவம் அவர் கையில் இருக்கட்டும். 5ஆம் தேதி கொடுத்தால் நவம்பர் வாடகையும் உங்கள் தலையில்தான்.